கிரானைட் மாவும் 6 வாட் பிராசசரும்

போன மாசி மாதம் ஜெகதேவி பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் தன் லேப்டாப்பை மஞ்சள் பையில் போட்டு எடுத்துவந்தார். "ஆன் பண்ணா பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சுடுது தம்பி." ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை. அடிமூடியைக் கழற்றினேன். ஃபேன் இறக்கைக்கும் செம்புக் குழாய் முனையில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. வீட்டுத் தூசு பஞ்சு மாதிரி இருக்கும், பிரஷ் பட்டால் வந்துவிடும். இது கல் மாவு. கல் அறுக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். காற்றில் அந்த ஈரமும் மாவும் சேர்ந்தே இருக்கும். ஃபேன் அதை உள்ளே இழுக்கும், சூட்டில் ஈரம் காயும், மாவு மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் இறுகிவிடும். ப்ளோயர் அடித்தால் அசையாது. ஊசியால் ஒவ்வொரு இடுக்காகக் குத்தி எடுக்க வேண்டும். அன்றைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நியூஸ் பேப்பரில் கொட்டியதை அளந்தால் ஒரு தேக்கரண்டிக்குக் குறையாது.

பெரியவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: "இந்த ஃபேனே இல்லாம ஒரு லேப்டாப் கெடைக்காதா? எனக்கு என்ன பெரிய வேலை? டேலி, இ-வே பில், வாட்ஸ்அப். அவ்வளவுதானே."

கிடைக்கும் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல முடிகிற இடத்துக்கு வந்துசேர உலகத்தில் எத்தனை கம்பெனிகள் எத்தனை வருஷம் மோதிக்கொண்டன என்பது அன்றிரவு கடையைச் சாத்தும்வரை மனசில் ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். அந்த மோதலின் ஒவ்வொரு கட்டமும் என் மேசைமேல் ஸ்க்ரூ கழன்ற நிலையில் வந்து போயிருக்கிறது. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

2012-ஐ இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். சென்னைக்கு 2 மணி நேரம் கரண்ட் கட். நமக்கெல்லாம் நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டும். மோசமான நாட்களில் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது, ராத்திரியும் அப்படியே. என் மாமாவுக்கு மாங்காய் மண்டி. சீசனில் சாயங்காலம் வண்டி இறங்கினால் விடிவதற்குள் ஒவ்வொரு விவசாயிக்கும் கணக்குப் போட்டாக வேண்டும். எடை, ரகம், விலை, கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை, முன்பணத்தில் கழிவு. மண்டியில் ஒரு டெஸ்க்டாப்பும் 600 வி.ஏ. யூ.பி.எஸ்-ஸும் இருந்தன. யூ.பி.எஸ்-ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. முழுசாகக் கணக்குப் போட்டாலும் 84 வாட்-மணி. பழைய டப்பா மானிட்டரோடு சேர்ந்து சிஸ்டம் இழுப்பது 150 வாட்டுக்குப் பக்கம். இன்வெர்ட்டர் நஷ்டமும், வேகமாக இழுத்தால் பேட்டரி முழுசாகத் தராததும் போனால் கால் மணி நேரம் தாங்கும். அந்த பேட்டரி திரும்ப ஏற ஆறேழு மணி நேரம் வேண்டும். கரண்ட் இருக்கப்போவதோ ஒரு மணி நேரம். இரண்டாவது கட்டிலேயே யூ.பி.எஸ். கீ கீ என்று கத்தி ஓய்ந்துவிடும்.

நான் 2009-ல் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு நெட்புக், அதாவது மலிவான சின்ன லேப்டாப், வாங்கியிருந்தேன். 10 இஞ்ச் திரை, இன்டெல் கம்பெனியின் ஆட்டம் (Atom) என்270 பிராசசர், 1 ஜி.பி. மெமரி. அதை மண்டிக்குக் கொண்டுபோனேன். அதன் 6 செல் பேட்டரியில் 48 வாட்-மணி இருந்தது, மெஷின் மொத்தமாகச் சாப்பிட்டது 10 வாட் சுற்றி. அடாப்டர் 40 வாட். அதாவது ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால், ஓட்டம் போக மிச்சம் பேட்டரியில் ஏறும். அந்த ஏற்றம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கட்டோ ஒரு மணி நேரம்தான். அந்த வருஷம் முழுக்க எல்லாவற்றிலும் கரண்ட் நம்மை ஜெயித்துக்கொண்டிருந்தபோது, இந்த ஒரு கணக்கில் மட்டும் நாம் ஜெயித்தோம். மண்டியில் அரிக்கேன் விளக்கு, கொசு, பெங்களூரா மாங்காயின் பால் வாசனை, நடுவில் அந்தச் சின்னத் திரையின் வெளிச்சம். மாமா அதைக் "குட்டிப் பொட்டி" என்றுதான் சொல்வார். "குட்டிப் பொட்டிய எடுத்தா, கணக்க முடிப்போம்."

அன்றிலிருந்து எந்த பிராசசர் பெயரைக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது வாட். வேகம் அப்புறம்தான்.

என்270 வந்தது 2008-ல். 1.6 கிகாஹெர்ட்ஸ், வெறும் 2.5 வாட், 45 நானோமீட்டர் தயாரிப்பு, 4 கோடியே 70 லட்சம் டிரான்சிஸ்டர். ஹீட்சிங்கைத் தூக்கினால் பச்சை அட்டையின் நடுவே நீளவாக்கில் ஒரு சின்னப் பளபளப்புத் தெரியும். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே. ஆனால் அந்தச் சின்ன மணிக்கு எதற்கு ஃபேன்? முதல் தடவை திறந்தபோதே எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்ததுதான் விடை. கூடவே வந்த 945 வகை சிப்செட் (பிராசசரை மெமரியோடும் திரையோடும் இணைக்கும் துணை சிப்), பிராசசரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் தின்னும் பழைய சரக்கு. ஃபேன் சுற்றியதே முக்கால்வாசி அதற்காகத்தான். மாப்பிள்ளைக்குப் போட்ட பந்தலில் கூட வந்தவர் காற்று வாங்கிய கதை.

வாட்டைக் குறைக்க வேண்டும் என்று இன்டெல்லுக்குத் தானாகத் தோன்றிவிடவில்லை. 2000 ஜனவரியில் டிரான்ஸ்மெட்டா என்று ஒரு சின்ன கம்பெனி குரூசோ என்ற பிராசசரை அறிவித்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் வேலை பார்த்தார். அந்த சிப்புக்கு இன்டெல் மொழி நேரடியாகத் தெரியாது, ஒரு மென்பொருள் ஓட ஓட மொழிபெயர்த்துக் கொடுக்கும். வன்பொருள் சின்னதாக இருந்ததால் சூடு குறைவு. வேலை இல்லாத நேரத்தில் வேகத்தோடு சேர்த்து வோல்டேஜையும் இறக்கிக்கொள்ளும். சோனியும் ஃபுஜிட்சுவும் அதைப் போட்டுச் சின்ன லேப்டாப் விற்றார்கள். 2001-ல் இன்டெல் மிகக்குறைந்த வோல்டேஜில் ஓடும் பென்டியம் 3-ஐ இறக்கியது. 2003-ல் இஸ்ரேலின் ஹைஃபாவில் வடிவமைத்த பென்டியம் எம் வந்தது. டிரான்ஸ்மெட்டாவால் எதிர்த்து நிற்க முடியவில்லை, 2005-லிருந்து சிப் வியாபாரத்திலிருந்து விலக ஆரம்பித்தது. பிறகு காப்புரிமை வழக்குப் போட்டு, 2007-ல் இன்டெல்லிடமிருந்து 25 கோடி டாலருக்கு உடன்பாடு வாங்கியது. கம்பெனி இல்லாமல் போனாலும் அது முன்னுக்குக் கொண்டுவந்த வழக்கம் இன்று எல்லா லேப்டாப்பிலும் இருக்கிறது.

வோல்டேஜ் ஏன் முக்கியம் என்று கடைக்கு வரும் டிப்ளமோ பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: டிரான்சிஸ்டர் மாறி மாறி அணைந்து எரிவதற்கு ஆகும் செலவு, வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜோடு இருமடியாகக் கூடும். 1.2 வோல்ட்டில் ஓடுவதை 0.9-க்கு இறக்கினால், வேகத்தைத் தொடாமலேயே, செலவு 56 சதவீதமாகிவிடும். வேகத்தையும் பாதியாக்கினால் 28. அதனால் குறைந்த வாட் சிப் செய்கிறவர்கள் எல்லாருடைய சண்டையும் அந்தக் கால் வோல்ட், அரைக்கால் வோல்ட்டுக்குத்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. மாங்காய் சீசனில் மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எடைமேடைக்கு முதலில் நிற்கிற வண்டிக்காரர் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால், அவர் ஆள் அனுப்பி எடுத்து வரும்வரை பின்னால் நாற்பது வண்டி வெயிலில் காயும். முதலில் வந்த ஆட்டம் பிராசசர் அப்படித்தான். வந்த வரிசைப்படிதான் வேலை செய்யும். மெமரியிலிருந்து ஒரு தகவல் வரத் தாமதமானால் எல்லாம் நிற்கும். அதற்கு மாற்றாக ஒரே எடைமேடைக்கு இரண்டு வரிசை வைத்தார்கள். ஒன்று நின்றால் மற்றது நகரும். ஹைப்பர்-திரெடிங் என்பது அதுதான். சீட்டு இல்லாத வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தயாராக இருக்கும் அடுத்த வண்டியை ஏற்றுகிற புத்திசாலி மேஸ்திரி அதில் இல்லை. மேஸ்திரிக்குச் சம்பளம் தரணும், சிப்பில் அதற்கு இடமும் வாட்டும் போகும் என்று விட்டுவிட்டார்கள்.

2008 அளவில் அது நியாயமான முடிவு. எனக்கு மனத்தாங்கல், அடுத்த ஐந்து வருஷமும் அந்த வரிசையை அப்படியே வைத்திருந்ததில். 2010-ல் வந்த என்450 மெமரி கன்ட்ரோலரையும் கிராபிக்ஸையும் உள்ளே சேர்த்துக்கொண்டது, மொத்தச் செலவு குறைந்தது, நல்லதுதான். ஆனால் உள்ளே வேலை செய்த மூளை பழையதே. கூடவே வேலி வேறு. மலிவு விலை விண்டோஸ் எக்ஸ்பி வேண்டும் என்றால் மெமரி 1 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது, திரையும் இத்தனை இஞ்சுக்குள் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை போட்டிருந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வால்பேப்பர்கூட மாற்ற முடியாது. என் கடையில் ஒரு காலேஜ் பெண் தன் அம்மா படத்தை வைத்துத் தரச் சொல்லிக் கேட்டு, முடியாது என்று நான் சொன்னதும் நம்பாமல் வேறு கடைக்குப் போனாள். 16,000 ரூபாய் கொடுத்து வாங்கியவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று எனக்கு அன்றைக்குப் பட்டது, இன்றைக்கும் அப்படியே படுகிறது.

பெரிய லேப்டாப் வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்று சின்னதை வளரவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதே என் முடிவு. அந்த வேலியை உள்ளிருந்து யாரும் பிரிக்கவில்லை. வெளியாள் வந்து தள்ளும்போதெல்லாம்தான் ஒரு முளை பிடுங்கப்பட்டது.

வியா என்ற கம்பெனியின் நானோ பிராசசர் 2008-லேயே வந்தது. அமெரிக்காவின் ஆஸ்டினில் சென்டார் என்ற சின்னக் குழு வடிவமைத்தது. அதில் அந்த மேஸ்திரி இருந்தார், சீட்டில்லாத வண்டியை ஓரங்கட்டுவார். ஒரே கிகாஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்தால் ஆட்டத்தை மிஞ்சும். ஆனால் வாட் அதிகம் கேட்டது, லேப்டாப் கம்பெனிகளும் கையில் எடுக்கவில்லை. என் மேசைக்கு ஒன்றுகூட வந்ததில்லை. 2021-ல் சென்டார் ஆட்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள வியாவுக்கு இன்டெல் 12.5 கோடி டாலர் கொடுத்தது. என்விடியா 2009-ல் 945-க்குப் பதிலாக அயான் என்ற சிப்செட்டைக் கொண்டுவந்தது. ஆட்டத்தைத் தனியாக வாங்கினால் 45 டாலர், இன்டெல் சிப்செட்டோடு சேர்த்து வாங்கினால் 25 டாலர், பிறகு யார் எங்களிடம் வருவார்கள் என்று அதன் தலைவர் ஜென்சன் ஹுவாங் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். இன்டெல் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நிஜமாக அசைத்தது இன்டெல்லின் போட்டிக் கம்பெனி ஏ.எம்.டி. 2011 ஜனவரியில் அதன் பாப்கேட் என்ற பிராசசர் வடிவம் வந்தது. ஈ-350 என்ற 18 வாட் சிப், சி-50 என்ற 9 வாட் சிப், இரண்டிலும் இரண்டு கோர் (வேலை செய்யும் மூளை), மேஸ்திரியோடு. ரேடியான் கிராபிக்ஸ் அதே சில்லுக்குள். ஈ-350 போட்ட ஒரு லேப்டாப்பை முதல் தடவை சர்வீஸ் முடித்து ஆன் செய்தபோது, பக்கத்தில் என் குட்டிப் பொட்டியையும் வைத்து ஒரே கல்யாண வீடியோவை இரண்டிலும் ஓட்டினேன். என்னுடையதில் மணப்பெண் விட்டுவிட்டு நடந்தாள். அதில் தாலி கட்டும்போது தூவின அட்சதை ஒவ்வொன்றாக விழுந்தது தெரிந்தது. 18 வாட் என்றால் ஆட்டத்தைவிட அதிகம்தானே என்று கேட்கலாம். சும்மா நிற்கும்போது இரண்டும் இழுப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. வேலை என்று வந்தால் இது சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்கப் போய்விடும். பாப்கேட்டின் தம்பி ஜாகுவார்தான் 2013-ல் பிளேஸ்டேஷன் 4-க்குள் போய் உட்கார்ந்தது.

அதே 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதைப்பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அஞ்செட்டியிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் ஏறி, வீட்டிலேயே முதல் கம்ப்யூட்டரைப் பள்ளிப் பையில் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான்: "சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கும்ணா?"

அடுத்த தள்ளல் ஆர்ம் (ARM) என்ற வேறு வகை பிராசசர் பக்கமிருந்து வந்தது. மல்டிமீட்டர் பிடிக்கிற எவருக்கும் பிடித்த கதை ஒன்று உண்டு. 1985 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அக்கார்ன் கம்பெனியின் முதல் ஆர்ம் சிப் வந்து சேர்ந்தது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்தது. விலை குறைந்த பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டும் என்பதற்காக 1 வாட்டுக்குள் அடக்க நினைத்திருந்தார்கள். சிப் ஒழுங்காக வேலை செய்தது. கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டியது. தேடிப் பார்த்தபோது, சிப்புக்கான மின்சார இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்ற கால்கள் வழியாக உள்ளே கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. இதைப் படித்த அன்று மேசையில் கிடந்த மல்டிமீட்டரைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வம்சம் ஃபோன், டேப்லெட் வழியாக வளர்ந்து 2012-ல் லேப்டாப்பிலும் நன்றாக விற்கிற அளவுக்கு வந்தது. சாம்சங்கின் குரோம்புக், எக்ஸினோஸ் பிராசசர், 249 டாலர், ஃபேன் இல்லை. அந்த வருஷ முடிவோடு ஏசரும் ஆசுஸும் நெட்புக் தயாரிப்பை விட்டன. 2013-ல் இன்டெல் கடைசியாக ஆட்டத்தின் மூளையை மாற்றி எழுதியது. சில்வர்மான்ட் என்று பெயர், 22 நானோமீட்டர், மேஸ்திரி உள்ளே வந்தார். ஐந்து வருஷம் முடியாதது, பாப்கேட்டும் ஆர்மும் இரண்டு பக்கமும் நின்றதும் முடிந்தது. டேப்லெட்டில் ஆர்மை எதிர்க்க இன்டெல் சிப்பை ஏறக்குறைய இனாமாகக் கொடுத்துப் பார்த்து, அதன் மொபைல் பிரிவு 2014-ல் மட்டும் 420 கோடி டாலர் நஷ்டப்பட்டது. ஃபோனில் இன்டெல் தோற்றது. அந்தச் சண்டையில் செதுக்கப்பட்ட சிப்தான் செலரான் என்ற பெயரில் மலிவு லேப்டாப்புக்கு வந்தது, ஃபேன் இல்லாமல். என் பார்வையில் நமக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

லாபத்தையும் கெடுத்தார்கள் சிலர். 2015, 16-ல் ஒரு கம்பெனியின் ஃபேனில்லாத லேப்டாப்பை நானே நம்பிப் பரிந்துரை செய்து நாலு பேர் வாங்கினார்கள். 2 ஜி.பி. மெமரி, 32 ஜி.பி. சேமிப்பு, இரண்டும் போர்டோடு ஒட்டவைத்தவை. ஒரு வருஷத்தில் விண்டோஸ் அப்டேட்டுக்கே இடமில்லை. மாற்றவும் வழியில்லை. பிராசசர் நன்றாக இருந்தது, ஆனால் உறுதியாக வீட்டைக் கட்டியவன் கதவை வைக்காமல் விட்டதுபோல. அந்த நாலு பேரில் இருவர் இன்னும் என் கடைப் பக்கம் வருவதில்லை.

ஆர்ம் லேப்டாப்பை ஏன் பெரியவருக்குச் சொல்லவில்லை என்றும் எழுதிவிடுகிறேன். 2022-ல் ஜியோபுக் ஸ்னாப்டிராகனோடு வந்தது, அடுத்த வருஷம் மீடியாடெக்கோடு, ஒரு கிலோ எடைகூட இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு அருமை. ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 போட்டுக் காட்டியதும் உலகமே திரும்பிப் பார்த்தது, அதன் ஏர் மாடலில் ஃபேன் கிடையாது. ஆனால் பட்டறைக் கணக்கு விண்டோஸில் ஓடும் டேலியில் இருக்கிறது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யூ.எஸ்.பி.யில் இருக்கிறது, பிரிண்டர் பத்து வருஷப் பழசு. இவற்றின் டிரைவர் எல்லாம் இன்டெல் மொழியில் எழுதியவை.

பெரியவருக்கு, 2023 ஜனவரியில் வந்த இன்டெல் என்100 பிராசசர் போட்ட லேப்டாப்பை எடுத்தோம். நாலு கோர், 6 வாட் வகுப்பு. நெட்புக் காலத்து ஆட்டத்தின் நேர் வாரிசு, ஆனால் மண்டியில் அன்று டெஸ்க்டாப் செய்ததைத் தூக்கிச் சாப்பிடும். 6 வாட் என்பது நிதான ஓட்டத்துக்கான கணக்கு, கொஞ்ச நேரம் முடுக்கினால் அதற்குமேல் போகும் என்பதையும் சொல்லித்தான் வாங்கவைத்தேன். ஏ.எம்.டி.யின் 7320யு கிராபிக்ஸில் மேல், ஆனால் நான் பார்த்ததிலெல்லாம் ஃபேன் இருந்தது. என்100-லும் வேலி போய்விடவில்லை, மெமரிக்கு இன்னமும் ஒரே வழிதான் விட்டிருக்கிறார்கள். எஸ்.எஸ்.டி.யை (சேமிப்பு) கழற்றி மாட்டக்கூடிய, ஃபேனில்லாத மாடலாகத் தேட மூன்று நாள் ஆனது.

ஐப்பசியில் பெரியவர் அதே மஞ்சள் பையோடு வந்தார். ரிப்பேர் இல்லை, "சும்மா ஒருவாட்டி தொறந்து பாத்துடு தம்பி" என்றார். கீபோர்டு முழுக்க வெள்ளை. யூ.எஸ்.பி. வாயில் மாவு கல்லாக இறுகியிருந்தது. அடிமூடியின் பத்து ஸ்க்ரூவையும் கழற்றி, அட்டையை நகத்தால் நெம்பித் தூக்கினேன். வாய் ஓரத்தில் அரை விரல் அளவுக்கு மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. அதற்கு அப்பால் போர்டு பச்சையாக, கடையில் வாங்கின நாளில் இருந்தமாதிரியே இருந்தது. பெரியவர் எழுந்து வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிரஷ்ஷை எடுத்தேன். தேய்க்க ஒன்றும் இல்லாததால் அந்தக் கோட்டை மட்டும் தட்டிவிட்டு மூடினேன்.